காற்றுக்குழாயைப் பிடித்த கை

2024 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பதினொரு நிமிடம். வெப்பம் முப்பத்தேழு பாகை. காற்றில் ஈரம் நூற்றுக்கு இருபத்திரண்டு. கொல்லிமலைப் பக்கம்கூட ஒரு மேகம் இல்லை. அறிவுச்செல்வி இவற்றை ஆய்வகப் பதிவேட்டில் எழுதிப் பேனாவை மூடும்போது, சுவருக்கு அப்பால் யாரோ ஈரப் போர்வையை ஓங்கி உதறியது போன்ற ஒரு சத்தம் கேட்டது. அதையடுத்து ஒரு பெண்குரல், "மாமா!" என்று ஒரே ஒரு முறை.

அவள் ஓடினாள்.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகும் சாலையோரத்தில் இருக்கும் அந்த ஆலை, குச்சிக்கிழங்கு எனப்படும் மரவள்ளியின் மாவிலிருந்து டெக்ஸ்ட்ரோஸ் என்னும் சர்க்கரையை எடுத்துத் தூளாக்கி மருந்துக் கம்பெனிகளுக்கு அனுப்புகிறது. அறிவுச்செல்வி ஆறு ஆண்டுகளாக அங்கே வேதியியலாளர். பாதுகாப்பு அலுவலரும் அவளே. அந்தப் பதவிக்குத் தனி நாற்காலி கிடையாது.

தூளைப் பைகளில் அடைக்கும் பொட்டல அறையில் தீ இல்லை. வெள்ளைப் புகைபோல் தூள் மெல்லக் கீழிறங்கிக்கொண்டிருந்தது. கருகிய மயிரும் முறுகிய பாகும் கலந்த வாசம். நடுவில் அந்த அறைத் தொழிலாளி குமாரசாமி தம் வலக்கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தபடி, அது வேறு யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய புருவங்கள் இரண்டும் இல்லை. அவருடைய மனைவி ராமாத்தாள் அவரது இடத்தோளைப் பற்றியிருந்தார். காற்றுக்குழாய் தரையில் கிடந்து இன்னும் சீறிக்கொண்டிருந்தது.

அறிவுச்செல்வி காற்றை நிறுத்தினாள். வாசலுக்கு வெளியே இருந்த முதன்மை மின்விசையை அணைத்தாள். குமாரசாமியை வெளிக்குழாய்க்கு நடத்திச் சென்று கையைத் தண்ணீரில் பிடித்தாள்.

"கொஞ்சம் பேஸ்ட்டு வெச்சா எரிச்சல் அடங்குமுங்க," என்றார் ராமாத்தாள்.

"வேற எதுவும் வேண்டாம்மா. தண்ணி மட்டும்தான். இருபது நிமிஷம்."

"புருவம் போயிருச்சா, புள்ள?" என்று மனைவியைக் கேட்டார் குமாரசாமி.

"போயிருச்சு. மீசை இருக்குது."

"அப்பறம் என்ன? ஊட்டுல ஆளு அடையாளம் தெரிஞ்சுக்குவீல்ல."

அவர் சிரித்தார், எரிச்சலில் கண் வழிந்தது. ராமாத்தாள் முந்தானையால் அந்தக் கண்ணை ஒற்றினார். புருவம் இருந்த இடத்தில் கை படாமல் மிகக் கவனமாக ஒற்றினார். அறிவுச்செல்வி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால், குமாரசாமியின் இடக்கை விரல்கள் இரண்டு முறை மடங்கி விரிந்ததையும், ராமாத்தாள் இல்லை என்று தலையசைத்ததையும் ஓரக்கண்ணால் மட்டுமே கண்டாள். அது ஒரு பேச்சு என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

அரசு மருத்துவமனையில் கட்டுப் போட்டார்கள். புறங்கையும் முன்கையும் மேல்தோல் அளவில் வெந்திருந்தன. மூன்று வாரத்தில் ஆறிவிடும் என்றார்கள்.

*

ஆலைக்கு வரும் எவருக்கும் முதல் நாள் அறிவுச்செல்வி ஒரு தாளைக் கொடுத்துப் படித்துக் காட்டுவாள். பதினாறு பகுதிகள் கொண்ட பாதுகாப்புத் தாள். ஆங்கிலத்தில் வந்ததை அவளே தமிழில் எழுதி, நான்கு முறை திருத்தியிருந்தாள். அது சொல்லும் செய்திகளில் பெரும்பகுதி யாரையும் அச்சுறுத்தாது. வெண்ணிறப் படிகத் தூள், மணம் இல்லை, கரும்புச் சர்க்கரையைவிட இனிப்புக் குறைவு. நீரில் தாராளமாகக் கரையும். எண்பத்து மூன்று பாகையில் தன் படிகநீரை விட்டு இளகத் தொடங்கும். மேலும் சூடேறினால் பழுப்பாகிப் பின் கருகும். நச்சு அன்று. தோலை அரிக்காது. தரையில் சிந்தி நனைந்தால் வழுக்கும்.

ஏழாம் பகுதியில்தான் குரல் மாறும்: தூசி எழாமல் கையாளவும், தூள் காற்றில் மேகமாகப் பரவியிருக்கும்போது ஒரு பொறி போதும்.

எட்டு மாதங்களுக்கு முன் குமாரசாமியும் ராமாத்தாளும் வேலைக்குச் சேர்ந்தபோதும் இதைப் படித்துக் காட்டினாள்.

"திங்கிற சக்கரைக்கு இத்தன பக்கமா?" என்று அப்போது வியந்தார் குமாரசாமி. "எங்கூட்டுக்காரிக்குக்கூட நாலு வரிதானுங்க, கட்டும்போது சொன்னது."

"அந்த நாலையும் நீங்க மறந்தாச்சு," என்றார் ராமாத்தாள்.

இருவரும் கையெழுத்திட்டார்கள். இருவரும் தாளின்படியே நடந்தார்கள். மற்றவர்கள் துடைப்பத்தைத் தேடும் இடத்தில் ராமாத்தாள் ஈரத்துணியைத் தேடுவார். பொட்டல அறை அவர்கள் வந்த பிறகுதான் அறிவுச்செல்வியின் சோதனைகளில் தொடர்ந்து தேறியது.

*

புதன்கிழமை காலை உரிமையாளர் மோகன்குமார் அவளை அழைத்தார். அவர் கெட்டவர் அல்லர், அவசரத்தில் இருப்பவர்.

"எனக்கு ஒரே ஒரு பேரு வேணுமுங்க மேடம். குழாயப் புடிச்சது யாரு? திங்கக்கெழம மருந்துக் கம்பெனில இருந்து ஆய்வுக்கு வாராங்க. என்ன நடந்துச்சு, என்ன நடவடிக்கை எடுத்தீங்கன்னு கேப்பாங்க. விசாரிச்சு வெள்ளிக்கெழமைக்குள்ள எழுதிக் குடுங்க, நான் கையெழுத்துப் போட்டர்றேன்."

"அந்தப் பேருக்கு என்ன ஆகும் சார்?"

"ஊட்டுக்குப் போகும். வேற என்னங்க பண்றது? காத்தடிக்கக் கூடாதுன்னு நீங்களே எழுதியிருக்கறீங்கல்ல?"

தூசி எழக்கூடாது என்றுதான் எழுதியிருந்தாள். காற்றடிக்கக் கூடாது என்று எழுதியிருந்தாளா? அறைக்குத் திரும்பித் தாளைப் பார்த்தாள். எழுதவில்லை. தூள் சலிக்கும் வலைகளைக் காற்றால் சுத்தம் செய்வதற்கென்று குழாய் வைக்கச் சொன்னவளும் அவள்தான். வலையைக் கழற்றி வெளியே கொண்டுபோய்ச் செய்ய வேண்டும் என்பது விதி. ஆனால் அழுத்தக் காற்றின் வழி பொட்டல அறைச் சுவரில் சென்றதால், குழாயின் முனையும் அங்கேயே அமைந்துவிட்டது. வசதிக்காக விட்டுவைத்தாள். இரண்டு ஆண்டுகளாக அது அங்கே தொங்கியது.

முதலில் குமாரசாமியை அழைத்தாள்.

"நாந்தானுங்க புடிச்சேன்," என்றார், கேட்பதற்கு முன்பே.

"எந்தக் கையில?"

"வலது கையில."

"கருகிக் கிடக்குதே, பை ஒட்டுற மெஷினோட ஸ்விட்ச்சு, அத அணைச்சது?"

"அதுவும் நாந்தானுங்க."

"எந்தக் கையில?"

குமாரசாமி தம் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். அதை மறைக்க வழியில்லை.

"அதுவும்... வலதுலதானுங்க."

"ரெண்டும் ஒரே நேரத்துலயா?"

"நான் கொஞ்சம் சுறுசுறுப்புங்க."

அறிவுச்செல்வி சிரிக்கவில்லை, சிரிக்காமலிருக்கத் தாளைப் பார்க்க வேண்டியிருந்தது.

அடுத்து ராமாத்தாள் வந்தார். நாற்காலியைச் சற்றே திருப்பிப் போட்டு, வலக்காது அவள் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தார்.

"நாந்தான் சாமி புடிச்சேன். அவரு நாந்தான்னு சொல்லுவாரு, நம்பாத."

"சொல்லிட்டாரும்மா."

"பாத்தியா? நேத்து தண்ணியில கைய வெச்சிருக்கறப்பவே 'நீ பேசாம இரு'ன்னு வெரல்ல சொன்னாரு. முடியாதுன்னுட்டேன்."

"வெரல்லயா?"

"தறிக்கூடத்துல சத்தத்துல என்னத்தக் கேக்கும்? எல்லாம் வெரலும் ஒதடுந்தான். பள்ளிபாளையத்துல இருவத்திரெண்டு வருசம் ரெண்டு பேரும் தறி ஓட்டுனோம். எங்க சண்ட ஒண்ணுகூட யாருக்கும் கேட்டதில்ல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவருக்கு அம்பத்தாறு ஆச்சு. கையி வெந்து கெடக்குது. அனுப்புனா யாரு வேலை குடுப்பாங்க? என்னைய அனுப்பிரு கண்ணு. நான் எங்கியாச்சும் பொழச்சுக்குவேன்."

"எங்கம்மா?"

"தறிக்குத்தான். எனக்கு வேற என்ன தெரியும்?"

அவர் வெளியே போனதும் குமாரசாமி மறுபடி எட்டிப் பார்த்தார். தறி என்ற சொல் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"மேடம், ஒண்ணு சொல்லோணுங்க. அவளுக்கு எடது காது சுத்தமாப் போயிருச்சு. இன்னும் ரெண்டு வருசம் தறிச் சத்தத்துல நின்னா வலதும் போயிரும்னு டாக்டர் சொன்னாரு. அதுக்குத்தானுங்க தறிய உட்டுட்டு, இந்த ஊருல வந்து ஊடு புடிச்சோம். எனக்கு வேலை போனாப் போகட்டும். அவளுக்கு நான் பேசறது கேக்கோணுங்க." சற்று யோசித்தார். "கேட்டுட்டுக் கேக்காத மாதிரி இருக்கறது வேற, அது அவ இஷ்டம்."

*

பிற்பகலில் அறிவுச்செல்வி அளவுநாடாவுடன் பொட்டல அறைக்குப் போனாள். காற்றுக்குழாயின் நீளம் எட்டடி. அது தொடங்கும் சுவரிலிருந்து ஒட்டும் இயந்திரத்தின் விசைக்குப் பதினான்கடி. இடையில் ஆறடி. குமாரசாமியை இரண்டு கைகளையும் விரிக்கச் சொல்லி அளந்தாள். ஐந்தடி நான்கு அங்குலம். குழாயின் முனையைப் பிடித்துக்கொண்டே விசையைத் தொடுவது அவரால் ஆகாத செயல். வெந்தது விசையைத் தொட்ட கை. ஆகவே குழாயைப் பிடித்தது மற்றவர் கை.

"நீட்டி அளந்தா இன்னும் எட்டங்குலம் வருமுங்க," என்றார் குமாரசாமி.

"அடச்சீ, கைய எறக்குங்க. தெரிஞ்சு போச்சு அவளுக்கு," என்றார் ராமாத்தாள்.

காற்று அடைக்கப்பட்டிருந்ததை இருமுறை சரிபார்த்துவிட்டு அறிவுச்செல்வி கேட்டாள்: "செவ்வாய்க்கிழமை செஞ்சத அப்படியே செஞ்சு காட்டுங்க."

ராமாத்தாள் உயிரற்ற குழாயைக் கையிலெடுத்தார். குமாரசாமி பழக்கத்தால் தாமாகவே முதுகைக் காட்டி நின்றார். குழாய் முனை அவருடைய பிடரியிலிருந்து தொடங்கித் தோள்களில் இறங்கியது. ராமாத்தாள் இடக்கையால் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டு உள்ளே ஊதுவதுபோல் காட்டினார். சட்டைப்பையை வெளியே இழுத்துவிட்டார். பின் அவர் தலையைச் சாய்த்து, காதுகளின் பின்புறம் ஒவ்வொன்றாக. கடைசியில் விரலால் அவர் தோளில் இரண்டு தட்டு. குமாரசாமி முன்பக்கம் திரும்பிக் கண்களை மூடிக்கொண்டார். மூடிய கண்களோடு, காத்திருக்கும் முகத்தோடு, அவர் நின்ற விதத்தைப் பார்த்தபோது அறிவுச்செல்விக்குத் தான் அங்கே நிற்பது முறையன்று என்று தோன்றியது.

"தினமுமா?"

"பஞ்சோட ஊட்டுக்குப் போனா ராத்திரியெல்லாம் அரிக்கும் சாமி. தறிக்கூடத்துல எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் ஊதி உட்டுட்டுத்தான் கெளம்புவோம். நாங்க ஒரு நாளும் உட்டதில்ல. சண்ட போட்ட நாள்ல முதுக மட்டும் ஊதுவேன்; மூஞ்சிய அவரே பாத்துக்குவாரு."

"நேத்து முன்பக்கம் திரும்பறதுக்கு முன்னாடி மெஷின அணைச்சுரலாம்னு ரெண்டு எட்டு வெச்சுக் கைய நீட்டுனேனுங்க," என்றார் குமாரசாமி. "சுவிட்சு நீலமாப் பொறி விட்டுச்சு. அவ்வளவுதான்."

"தூசி எழுப்பக் கூடாதுன்னு படிச்சோமேம்மா?"

ராமாத்தாள் உண்மையாகவே குழம்பினார். "எழுப்பலியே? தரைய ஈரத்துணியிலதான தொடைக்கறோம். மெஷினயும் அப்படித்தான். இது சட்டையில இருக்கறதுதான?"

அவர்கள் தூசி என்று எண்ணியதை ஒரு துளிகூட எழுப்பியதில்லை. மனிதரின் சட்டையில் இருப்பதும் அதே தூள்தான் என்று எழுத அறிவுச்செல்விக்குத் தோன்றியதில்லை. ஏனெனில் அவள் தம்மம்பட்டியில் வயலுக்கு நடுவே வளர்ந்தவள். ஒரு தறிக்கூடம் வேலை முடிந்து வீடு திரும்புவதை ஒருநாளும் பார்த்ததில்லை. வேலைநேரம் முடியும் அந்தக் கால்மணி நேரத்தில் அவள் எப்போதும் பதிவேட்டில் வெப்பத்தை எழுதிக்கொண்டிருந்தாள்.

பழுதுப் பதிவேட்டையும் எடுத்துப் பார்த்தாள். 'ஒட்டும் மெஷின் சுவிட்சு பொறி விடுகிறது' என்று குமாரசாமியின் கோணலான எழுத்தில் பிப்ரவரி 6. மறுபடி பிப்ரவரி 19. மறுபடி மார்ச் 4. ஒவ்வொன்றின் கீழும் மோகன்குமாரின் அழகான எழுத்தில்: 'அடுத்த வாரம்.'

*

வியாழக்கிழமை முழுவதும் எழுதினாள். முதல் வாக்கியம் உடனே வந்தது: 'காற்றுக்குழாயைப் பிடித்திருந்தவர் ராமாத்தாள்.' அதை அடித்தாள். மீண்டும் எழுதினாள். 'பிடித்திருந்தவர் யார் என்று உறுதி செய்ய இயலவில்லை' என்று மாற்றி எழுதிப் பார்த்தாள். அது பார்க்க நன்றாக இருந்தது, பொய்யாகவும் இருந்தது. அளவுநாடா சொன்னதை மறைத்து எழுதினால், அந்தத் தாளில் மற்ற எதையும் யாரும் நம்ப வேண்டியதில்லை. ஆனால் உண்மையை மட்டும் எழுதிவிட்டால் மோகன்குமாருக்கு வேண்டிய பெயர் கிடைத்துவிடும். அந்தப் பெயர் நேரே பள்ளிபாளையம் பேருந்தில் ஏறிவிடும்.

மாலையில் முதல் வாக்கியத்தை அப்படியே வைத்துவிட்டு, அதற்குப் பின்னால் முழு உண்மையையும் எழுதினாள்.

வெள்ளிக்கிழமை காலை மோகன்குமார் அதைப் படித்தார். இரண்டாம் பக்கத்தில் அவர் முகம் மாறியது.

"என் கையெழுத்தையே எனக்கு எதிரா வெச்சுட்டீங்களா மேடம்?"

"எதிரா வைக்கல சார். தேதி வரிசையில வெச்சேன். அதுக்கு முன்னாடி பாருங்க, என் பேரு இருக்கு. குழாய அந்த அறையில விட்டது நான். அது முதல் காரணம். சுவிட்ச் ரெண்டாவது. அந்தம்மா மூணாவதாத்தான் வர்றாங்க."

"சக்கரைங்க அது! வெடிமருந்தா? நம்ம ஆலையில பதினஞ்சு வருசமா இப்படி ஆனதில்லயே."

அறிவுச்செல்வி அவரை ஆய்வகத்துக்கு அழைத்துச் சென்றாள். ஒரு கரண்டித் தூளை அடுப்புச் சுடரின்மேல் பிடித்தாள். அது இளகியது, மினுங்கியது, பொன்னிறமாகிப் பழுத்துப் புகைந்தது. நெடுநேரம் ஆயிற்று. தீப்பிடிக்கவில்லை.

"குவியலா இருக்கறப்போ மேல இருக்கறதுக்கு மட்டும்தான் காத்து கிடைக்கும். அதனால சோம்பலா இருக்கும். காத்துல பரவினா ஒவ்வொரு துகளையும் சுத்திக் காத்து. எல்லாம் ஒரே நொடியில எரியும்."

"அதையும் காட்டுங்க."

"காட்ட மாட்டேன் சார். குமாரசாமி கையில கட்டப் பிரிச்சா தெரியும்."

மோகன்குமார் கரண்டியில் உறைந்த பழுப்புக் கட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அறைக்குத் திரும்பியதும் பேனாவை எடுத்தார். எடுத்துவிட்டு யோசித்தார்.

"சரி. வேலைய உட்டு எடுக்க வேண்டாம். ஆனா அந்தம்மா அந்த ரூம்ல வேண்டாமுங்க. ஈரப் பக்கம் போடுங்க. சர்க்கரைப் பாகப் பிழியற மெஷின் இருக்குதுல்ல? அங்க தூசியே கெடையாது. அவங்களுக்கும் நல்லது."

அன்போடுதான் சொன்னார். எழுதவும் தொடங்கிவிட்டார்.

"அங்க எவ்வளவு சத்தம்னு தெரியுமா சார்?" என்றாள் அறிவுச்செல்வி. "போன வருஷம் அளந்தேன். தறிக்கூடத்துக்குக் கொஞ்சம்தான் கொறவு. அவங்களுக்கு மிச்சம் இருக்கறது ஒரே ஒரு காது."

பேனா நின்றது. அந்தக் காதைப் பற்றி மோகன்குமாருக்கு யாரும் சொன்னதில்லை. அவளும் அறிக்கையில் எழுதவில்லை. தீக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று விட்டுவிட்டிருந்தாள். இப்போது சொன்னாள்: டாக்டர் சொன்னதை, தறியை விட்டு வந்ததை, குமாரசாமிக்கு வேண்டியது என்ன என்பதை.

"இதையல்லவா முதல்ல சொல்லோணும்?" என்றார் மோகன்குமார் எரிச்சலாக. எழுதியதை அடித்தார். புதுத்தாள் கேட்டார்.

புதிய முடிவு ஆறு வரிகளில் அடங்கியது. காற்றுக்குழாய் பொட்டல அறையிலிருந்து இன்றே அகற்றப்படும். ஒட்டும் இயந்திரத்தின் விசை மாற்றப்படும்வரை அது இயக்கப்படாது. தாமதத்துக்கு ஆலையே பொறுப்பு. வேதியியலாளருக்கும் ராமாத்தாளுக்கும் எழுத்துமூல எச்சரிக்கை. வேலை முடிந்து செல்வோர் தூள் படிந்த மேல்சட்டையைக் கழற்றி ஈரத்தொட்டியில் இட்டுவிட்டுச் செல்ல, மேல்சட்டைகள் வழங்கப்படும். ராமாத்தாளும் குமாரசாமியும் பொட்டல அறையிலேயே, அதே வேலைநேரத்தில் தொடர்வார்கள்.

"உங்களுக்கும் எச்சரிக்கை போட்டிருக்கேன்," என்றார்.

"அறிக்கையில நானே கேட்டதுதான சார். நன்றி."

"எச்சரிக்கைக்கு நன்றி சொல்ற ஆள இப்பத்தான் பாக்கறேன்." கையெழுத்திட்டார், தேதியிட்டார், முத்திரையைத் தேடி அதையும் அழுத்தினார்.

கணவனும் மனைவியும் வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தார்கள். காலையிலிருந்து அங்கேதான் இருந்தார்களாம். வீட்டிலிருந்து வந்தபோதே ராமாத்தாள் தம் துணிப்பையில் அடையாள அட்டைகள் இரண்டையும் எடுத்துவைத்திருந்தார். எவர் பெயர் வந்தாலும் திருப்பிக் கொடுக்க. அறிவுச்செல்வி தாளோடு வருவதைக் கண்டதும் குமாரசாமியின் விரல்கள் ஏதோ சொல்லின.

"என்ன சொல்றாரு?" என்று கேட்டாள்.

"ரெண்டு பேரையும் அனுப்புனா ஒண்ணாப் போலாம்னு," என்றார் ராமாத்தாள். "கிறுக்கு."

"யாரையும் அனுப்பலம்மா. ரெண்டு பேரும் இங்கேயேதான், அதே ரூம்லதான். உங்களுக்கு ஒரு எச்சரிக்கை இருக்கு. எனக்கும் ஒண்ணு இருக்கு. படிச்சுக் காட்டறேன், முதல்ல வாங்கிக்கங்க."

ராமாத்தாள் முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டார். குமாரசாமி முன்னால் வந்தார். வலக்கையில் கட்டு இருந்தது. இடக்கையை நீட்டப் போனவர், இப்படிப்பட்ட ஒரு தாளை இடக்கையால் வாங்குவது மரியாதையன்று என்று தயங்கி நின்றார். அதைப் பார்த்த ராமாத்தாள் கண்ணைத் துடைத்துவிட்டு அருகில் வந்து, தம் வலக்கையை அவருடைய இடக்கையின் கீழ் சேர்த்து நீட்டினார். அறிவுச்செல்வி கையெழுத்திட்ட தாளை அந்த இரண்டு கைகளிலும் வைத்தாள்.